பச்சைப் புள்ளிக்குள் எத்தனை மில்லிவாற்று? கையடக்க லேசரின் ஆபத்தை அளப்பது எப்படி

தரையிறங்கும் விமானத்தின் மீது யாரோ லேசர் அடித்தார்கள் என்று ஒரு செய்தி வரும். இரவு ஆட்டத்தில் வீரரின் முகத்தில் பச்சைப் புள்ளி ஆடியது என்று இன்னொன்று. லேசர் பேனாவைப் பார்த்த சிறுவனுக்குப் பார்வை பழுதாகிவிட்டது என்று வேறொன்று. ஒவ்வொரு முறையும் வாசிப்பவர்களிடம் அதே கேள்விகள்தான் எழும்புகின்றன. ரியூஷன் வகுப்பில் சேர் பலகையில் காட்டுகிற சிவப்புப் புள்ளியும் லேசர்தானே, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே? சூப்பர்மார்க்கெட்டில் விலை வாசிக்கிற கருவியின் சிவப்புக் கோடு கையில் படுகிறதே? லேசர் என்றால் கதிர்வீச்சு, புற்றுநோய் வருமா?

குப்பி விளக்கில் எரிவதும் நெருப்புத்தான், பேக்கரிப் போறணையில் எரிவதும் நெருப்புத்தான். லேசரிலும் அப்படித்தான். பலகையில் காட்டுகிற சாதாரணப் பேனாவுக்கும், கடதாசியைக் கருக்கும் பேனாவுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் கைக்குள் அடங்கும் குழாய்கள்.

கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் மின்சாமான் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிற பச்சை லேசரை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பெருவிரல் அளவு தடித்த கறுப்பு உலோகக் குழாய். வால்பக்கத்தில் சிறிய திறப்பு ஒன்று, பூட்டித் திறக்க. முன்பக்க மூடியைத் திருகினால் ஒரு புள்ளி நூறு புள்ளியாகிச் சுவர் முழுக்க நட்சத்திரம் தெறிக்கும். உள்ளே சார்ஜ் போடக்கூடிய லிதியம் பற்றரி. பக்கத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கை லேபல். அந்த லேபலில் ஒன்றில் 5 மில்லிவாற்று என்றிருக்கும், அச்சொட்டாக அதே குழாயில் வேறொன்றில் 1000 மில்லிவாற்று என்றிருக்கும். வாங்குகிறவர் பெரும்பாலும் கேட்பது, "நானா, இது எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்பதைத்தான். எத்தனை மில்லிவாற்று கண்ணுக்குள் போகும் என்ற கேள்வி கடையில் எழுவதே இல்லை. ஆபத்தை அளக்க அந்த ஒரு கேள்விதான் உதவும்.

சிதறாத வெளிச்சம்

லேசரை முதன்முதலில் இயக்கிக் காட்டியவர் தியோடர் மைமன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு மாணிக்கக் கல் தண்டைக் கொண்டு. சாதாரண விளக்கு பல நிறங்களைக் கலந்து எல்லாத் திசைக்கும் வெளிச்சத்தை இறைக்கிறது. லேசர் ஒரே நிறத்தை ஒரே திசையில் அனுப்புகிறது. பலவீனமான லேசர்கூட ஏன் கவனத்துக்குரியது என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

வீட்டு அறையில் 9 வாற்று எல்.ஈ.டி பல்ப் ஒன்று எரிகிறது. அதிலிருந்து வெளிச்சமாக வெளிவருவது ஏறக்குறைய 3 வாற்று. அது அறை முழுவதும் பரவுகிறது. இரண்டு மீற்றர் தள்ளி நிற்பவரின் கண்மணி, அதாவது கருவிழியின் நடுவில் உள்ள துவாரம், 3 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்தால், அதற்குள் நுழைவது ஒரு மில்லிவாற்றின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பலகையில் காட்டும் 1 மில்லிவாற்று லேசரின் ஒளிக்கற்றையோ கண்மணியிலும் சிறியதாக இருக்க முடியும். நேரே கண்ணில் பட்டால் அந்த ஒரு மில்லிவாற்றும் முழுசாக உள்ளே போகிறது. அறையையே வெளிச்சமாக்கும் பல்பைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு.

மில்லிவாற்று என்பது ஒரு வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பல்ப் வாங்கிப் பழகிய கணக்கில் 100 மில்லிவாற்று என்பது தூசு போலத் தெரியும். லேசர் கணக்கில் அது மிகப் பெரிய அளவு.

கண்ணுக்குள் நடப்பது

1. கண்ணின் முன்பகுதியும் வில்லையும் சேர்ந்து, வரும் ஒளியைப் பின்னால் உள்ள விழித்திரையில் குவிக்கின்றன. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசியை எரிப்பதும் இதே முறைதான். லேசர் ஒளி ஏற்கனவே ஒழுங்காக வருவதால் மிகச் சிறிய புள்ளியாகக் குவிகிறது. அதன் அகலம் 0.01 முதல் 0.02 மில்லிமீற்றர் வரை. கண்ணின் வாசலில் இருந்த செறிவு விழித்திரையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மடங்காகிறது.

2. சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் அதன் விம்பம் விழித்திரையில் 0.16 மில்லிமீற்றர் அகலத்துக்கு விழும். லேசர்ப் புள்ளி அதைவிடப் பரப்பளவில் 60 மடங்குக்கு மேல் சிறியது. பகல் வெயிலில் சுருங்கிய கண்மணி வழியாகச் சூரியனிலிருந்து 3 மில்லிவாற்று அளவு உள்ளே வரும். ஆகவே 1 மில்லிவாற்று லேசர்கூட, விழுகிற அந்தச் சிறு இடத்தில், சூரியனைவிடக் கடுமையாக விழுகிறது. கண் அசைந்துகொண்டே இருப்பதாலும், கூச்சத்தில் நாம் விலகிவிடுவதாலும்தான் அந்த அளவில் காயம் வராமல் தப்புகிறோம்.

3. விழித்திரையின் பின்னால் கருநிறமி கொண்ட ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. ஒளியை உறிஞ்சிச் சூடாவது பெரும்பாலும் அதுதான். அந்தச் சூடு பக்கத்தில் உள்ள ஒளியுணர் கலங்களை வேகவைத்துவிடும். வெந்த கலங்கள் திரும்ப முளைப்பதில்லை.

4. ஒளியின் ஊற்றை நேரே பார்க்கும்போது குவிவது மஞ்சட்பொட்டு என்கிற இடத்தின் நடுவில். வாசிக்க, முகம் அடையாளம் காண, ஊசியில் நூல் கோக்க நாம் பயன்படுத்துவது அந்தக் கடுகளவு இடத்தைத்தான். ஓரப் பார்வை முழுக்க நன்றாக இருந்தும், பார்க்க நினைக்கிற எழுத்தின் மேல் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கும்.

5. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. தோலில் நெருப்புப் பட்டால் கை தானாக இழுபடும். விழித்திரை கருகும்போது ஒரு பளிச்சிடல், அதன்பின் ஒரு மங்கல், அவ்வளவுதான் தெரியும். 'நோகவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை' என்று சிறுவர்கள் நினைப்பதும், பெற்றோரிடம் சொல்லாமல் விடுவதும் இதனால்தான்.

இதை நம் வீடுகளுக்குத் தெரிந்த ஒரு விடயத்தோடு வைத்துப் பார்க்கலாம். சீனி வருத்தம் முற்றிக் கண்ணைப் பாதித்தவர்களுக்குக் கண் வைத்தியர்கள் 'லேசர் பிடிப்பது' உண்டு. கொழும்பில் அப்படிப் போய் வந்த ஒரு பெரியவர் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அந்தச் சிகிச்சையில் பலகாலமாகப் பயன்பட்டு வருவது 532 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளி (அலைநீளம் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு). கடையில் விற்கும் பச்சைப் பேனாவின் அலைநீளமும் 532. வைத்தியர் விழித்திரையின் ஓரப்பகுதிகளை வேண்டுமென்றே சுடுகிறார். ஒரு தடவைக்கு 100 முதல் சில நூறு மில்லிவாற்று வரை, ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு அல்லது அதிலும் குறைந்த நேரம். புள்ளியை 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் வரை அகலமாக்கி, மஞ்சட்பொட்டின் நடுவை விலக்கி, நோயாளியின் தலையைத் தாங்கியில் பொருத்தி, ஒவ்வொரு சூடாக எண்ணி வைக்கிறார்.

200 மில்லிவாற்றுப் பச்சைப் பேனா அதே ஒளியை, அதே அளவு வலுவில், அகலமாக்காமல், நேரே நடுவில் வைக்கிறது. பிடித்திருப்பது பத்து வயதுப் பிள்ளையின் கை.

புற்றுநோய் பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். எக்ஸ்-கதிர் போன்றவை அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிடுங்கிவிடும் வலுவுள்ளவை. அதை அயனாக்கும் கதிர்வீச்சு என்பார்கள். லேசர் பேனாவின் ஒளி அந்த வகை அல்ல. புள்ளி கையில் பட்டதால் புற்றுநோய் வராது. இதன் ஆபத்து சூடு, அந்தச் சூடு அடிக்கிற இடம் கண்.

வகுப்பு என்று எழுதியிருப்பது என்ன

ஐ.ஈ.சி 60825 என்ற சர்வதேசத் தரநிலை லேசர் சாதனங்களை வகுப்புகளாகப் பிரிக்கிறது. லேபலில் காணப்படும் எண் அதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அதன் சாரம் இது:

1. வகுப்பு 1: வழக்கமான பாவனையில் ஆபத்தில்லை. லேசர் பிரின்டர் இந்த வகுப்பில் வரும். உள்ளே இருக்கும் லேசர் வலுவானதாக இருந்தாலும் ஒளி வெளியே வராதபடி மூடப்பட்டிருக்கிறது.

2. வகுப்பு 2: 1 மில்லிவாற்று வரை. கண் கூசி 0.25 செக்கனுக்குள் இமை மூடும் அல்லது தலை திரும்பும் என்ற கணக்கில் பாதுகாப்பானது. விலை வாசிக்கும் கருவிகள், மேசன்மார் சுவரில் கோடு பார்க்கும் லேசர் மட்டக் கருவிகள் பலவும் இதற்குள் அடங்கும்.

3. வகுப்பு 3ஆர்: 5 மில்லிவாற்று வரை. தற்செயலாக ஒரு கணம் பட்டால் காயம் வரும் வாய்ப்புக் குறைவு. உற்றுப் பார்த்தால் வரலாம்.

4. வகுப்பு 3பி: 5 முதல் 500 மில்லிவாற்று வரை. இமை மூடுவதற்குள் காயம் நடந்து முடிந்துவிடக்கூடிய அளவு. கண்ணாடியிலோ பளபளக்கும் உலோகத்திலோ பட்டுத் திரும்பும் ஒளியும் நேரடி ஒளிக்குச் சமம்.

5. வகுப்பு 4: 500 மில்லிவாற்றுக்கு மேல். தோலைச் சுடும், பலூனை வெடிக்கவைக்கும், கறுப்புக் கடதாசியைப் புகையவைக்கும். கிட்டத்தில் வைத்துச் சுவரில் விழும் புள்ளியைத் தொடர்ந்து பார்ப்பதுகூடக் கண்ணுக்குக் கேடு.

வகுப்பு 2 முழுக்கவும் இமை மூடும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு எல்லை உண்டு. ஜேர்மனியில் தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனைகளில், லேசர் பட்ட உடனே இமை மூடியவர்கள் ஐந்தில் ஒரு பங்கிலும் குறைவு. பிள்ளைகளிடம் நிலைமை இதைவிட மோசமாகிறது. 'யார் கூடுதல் நேரம் பார்ப்பது' என்று பந்தயம் கட்டினால் கூச்சத்தை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அப்போது 0.25 செக்கன் பத்துச் செக்கனாகிறது, பாதுகாப்பான வகுப்பு என்ற பெயர் பொருளிழக்கிறது.

பளிச்சென்றிருப்பது ஆபத்தின் அளவு அல்ல

பலரும் தவறுகிற இடம் இதுதான். மனிதக் கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவாக உணர்வதில்லை. பகலில் அது மிகக் கூர்மையாக உணர்வது 555 நனோமீற்றரை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. 532 நனோமீற்றர்ப் பச்சை அதற்கு மிகக் கிட்ட இருக்கிறது. மலிவான சிவப்புப் பேனாவின் 650 நனோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதனால் ஒரே மில்லிவாற்றில் பச்சை, சிவப்பைவிட எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். இருட்டில் காற்றில் கோடு கீறினாற்போலப் பச்சைக் கற்றை நிற்பதும், வானத்தில் நட்சத்திரம் காட்ட அதைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

மறுபக்கம்தான் கவலைக்குரியது. 405 நனோமீற்றர் ஊதா லேசர் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும், உண்மையில் மிக வலுவாக இருந்தாலும். கூச்சம் வராது, இமை மூடாது, உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். 445, 450 நனோமீற்றர் நீல லேசர்களும் தம் வலுவைக் காட்டிக்கொள்வதில்லை. புரொஜெக்டர்களுக்காகச் செய்யப்பட்ட நீல டயோட்டுகள், அதாவது லேசர் ஒளியைத் தரும் சிறு மின்பாகங்கள், கையடக்கக் குழாய்களுக்குள் நுழைந்த 2010 வாக்கிலிருந்து, 1 வாற்று லேசர், அதாவது 1000 மில்லிவாற்று, சட்டைப்பைக்குள் அடங்குகிற சாமானாகிவிட்டது. 'நீலம் பச்சையைவிட வெளிச்சம் குறைவு, பிள்ளைக்கு அதை வாங்கலாம்' என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு தேர்ந்தால், அவர் தேர்ந்தது கூடிய ஆபத்தாக இருக்கலாம்.

லேபல் சொல்வதும் குழாய்க்குள் இருப்பதும்

லேபலை நம்பி வாங்கலாமா என்பதற்கு ஆய்வுகூட அளவீடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய தரநிலைகள் நிறுவனம் 122 லேசர் பேனாக்களை அளந்து 2013இல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறத்தாழ 90 வீதமும் சிவப்பில் 44 வீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒவ்வாதவையாக இருந்தன. கண்காணிப்பு உள்ள சந்தையிலேயே அப்படி.

பச்சை ஏன் இவ்வளவு மோசம்? மலிவான பச்சைப் பேனாவில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் ஒரு டயோட் 808 நனோமீற்றர் ஒளியைத் தருகிறது. அது ஒரு பளிங்கில் பட்டு 1064 ஆக மாறுகிறது. இன்னொரு பளிங்கு அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 ஆக்குகிறது. முதல் இரண்டும் செங்கீழ்க் கதிர்கள், டீவி ரிமோட்டிலிருந்து வருவது போலக் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றை மறிக்க முனையில் சிறிய வடிகட்டி ஒன்று இருக்கவேண்டும். விலையைக் குறைக்க அதை விட்டுவிட்டால் பச்சையோடு சேர்ந்து காணாத ஒளியும் வெளியே பாயும். அதே நிறுவனம் 2010இல் விவரித்த ஒரு பேனாவில், 10 மில்லிவாற்று என்று குறிக்கப்பட்டிருந்தும், செங்கீழ்க் கதிர் மட்டும் 20 மில்லிவாற்று அளவுக்கு வந்தது. பளிங்கு சரியாகப் பொருந்தாத பேனாவில் பச்சை மங்கலாக இருக்கும். பாவிப்பவர் 'இது வலுக் குறைந்தது' என்று எண்ணிக் கிட்டத்தில் பிடிப்பார்.

வெறும் கண்ணாலோ கைபேசிக் கமராவாலோ இதைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அளக்க ஒளிவலு மானி வேண்டும். ஆகவே யார் தயாரித்தது என்று தெரியாத பச்சைப் பேனாவை, லேபலில் என்ன எழுதியிருந்தாலும், 3பி வகுப்பாகவே எண்ணிக் கையாளுவது சரி.

இதுவரை யாருக்குக் காயம்

மருத்துவ இதழ்களில் வந்தவற்றைப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. காயப்பட்டவர்கள் பெரும்பாலும் பேனா வைத்திருந்த பிள்ளைகள், அல்லது அவர்களின் கூட்டாளிகள்.

2010இல் சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் பதிவுசெய்த பதினைந்து வயதுப் பையனின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இணையத்தில் லேசர் ஒன்றை வருவித்தான். தூர நின்று பலூன் வெடிக்கவைக்க, கடதாசி அட்டையில் துளை போட, சகோதரியின் சப்பாத்தைப் பொசுக்க. அதுவரை காயமில்லை. பிறகு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று 'லேசர் ஷோ' காட்டினான். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் பல தடவை அவன் கண்களுக்குள்ளேயே போனது. பெற்றோருக்குச் சொல்லப் பயந்து இரண்டு கிழமை பொறுத்திருந்தான். மங்கல் மறையவில்லை. யாரையும் நோக்கி அடிக்கவில்லை, முட்டாள்தனமான பந்தயமும் இல்லை. வீட்டுக்குள் ஒரு கண்ணாடி இருந்தது, அவ்வளவே.

2018இல் கிரேக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் பச்சைப் பேனாவைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்ததில் இடது கண்ணின் மஞ்சட்பொட்டில் துளை விழுந்தது. சவூதி அரேபியாவில் உள்ள கண் வைத்தியசாலை ஒன்றிலிருந்து 2013இல் வந்த அறிக்கை, கையடக்க நீல லேசரால் பழுதான 14 கண்களைப் பற்றிப் பேசியது. மத்திய கிழக்கில் வேலை செய்து ஊர் திரும்புகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் சாமான்களில் மின்விளக்குப் பொருட்களும் இருக்கும் என்பதால் இந்த அறிக்கையை நாம் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்கவேண்டும்.

சிகிச்சை? கருகிய கலங்களைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து கிடையாது. வீக்கமும் இரத்தக் கசிவும் வற்றும்போது பார்வை ஓரளவு தேறலாம். துளை விழுந்தால் சிலவேளை சத்திரசிகிச்சையால் மூடலாம். மிஞ்சும் பொட்டு மிஞ்சியதுதான்.

விமானத்துக்கு எதற்குப் பயம்

விமானியின் கண் கருகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது மிக அரிது. லேசர்க் கற்றை தூரம் போகப் போக விரியும். நல்ல பேனாவில் விரிவு ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர். அந்த விரிவை வைத்து, லேசர்ப் பாதுகாப்பு நிபுணர்கள் பாவிக்கும் வரம்புகளோடு கணக்கிட்டால் இப்படி வரும்:

1. கண்ணைக் காயப்படுத்தக்கூடிய தூரம்: 5 மில்லிவாற்றுப் பேனாவுக்கு 16 மீற்றர் வரை. 1 வாற்றுக்கு 220 மீற்றருக்குச் சற்று மேல்.

2. படம்பிடிக்கும் ஃபிளாஷ் முகத்தில் அடித்தாற்போலச் சில கணம் பார்வை போகும் தூரம்: 5 மில்லிவாற்றுக்கு 80 மீற்றர். 1 வாற்றுக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல்.

3. எதிரே உள்ளது தெரியாதபடி கூசும் தூரம்: 5 மில்லிவாற்றுக்கு 350 மீற்றர். 1 வாற்றுக்கு 5 கிலோமீற்றர்.

4. கவனத்தைக் கலைக்கும் தூரம்: 5 மில்லிவாற்றுக்கே மூன்றரைக் கிலோமீற்றர்.

இனி விமானத்தைப் பாருங்கள். பயணிகள் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் இறங்கும். ஓடுபாதைக்கு 5 கிலோமீற்றர் முன்னால் அதன் உயரம் 260 மீற்றர் மட்டுமே. கட்டுநாயக்கவையோ இரத்மலானையையோ சூழ்ந்த பகுதிகளில், இறங்குபாதைக்குக் கீழ் வீட்டு மொட்டைமாடியில் நிற்கிறவருக்கு விமானம் அவ்வளவு கிட்ட. அந்தக் கட்டத்தில் விமானி இருட்டுக்குப் பழகிய கண்களோடு ஓடுபாதை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்மணி விரிந்திருக்கும். தரையில் நிற்பவருக்கு மெல்லிய கோடாகத் தெரியும் ஒளி, விமானத்தின் முன்கண்ணாடியில் உள்ள நுண்ணிய கீறல்களில் பட்டுச் சிதறி, விமானியின் முன்னால் முழுக் கண்ணாடியையும் பச்சைப் பலகையாக்கும். திரும்பச் சரியாகத் தெரிவதற்குள் விமானம் நூற்றுக்கணக்கான மீற்றர் போயிருக்கும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்காகவே விமான நிலையங்களைச் சுற்றி ஒளிச்செறிவு வரம்புகளோடு வலயங்களை வகுத்திருக்கிறது. மேலே சொன்ன கூசும் அளவு எட்டக்கூடாத வலயம் ஓடுபாதையிலிருந்து 18.5 கிலோமீற்றர் வரை நீள்கிறது. அமெரிக்காவில் மட்டும் 2023இல் விமானிகள் முறையிட்ட லேசர்ச் சம்பவங்கள் 13,304.

விளையாட்டு மைதானத்தில் நடப்பதும் இதே கவனச் சிதறல்தான். 2021 ஜூலையில் வெம்பிளியில் டென்மார்க் கோல்காவலரின் முகத்திலும், 2022 மார்ச்சில் செனகலின் டக்காருக்கு அருகே எகிப்தின் மொஹமட் சலாவின் முகத்திலும், தண்டனை உதையின்போது பச்சை ஒளி ஆடியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இரவில் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுபவரின் முகத்தில் மாடியிலிருந்து அடித்தால் அது கமராவில் வராது, விழுவது மனிதர்.

சட்டத்தின் பக்கம்

நாடுகள் இரண்டு வழியில் இதை அணுகுகின்றன. ஒன்று விற்பனைக்கு வரம்பு. அமெரிக்காவில் லேசர் பேனாவுக்கு 5 மில்லிவாற்று, அவுஸ்திரேலியாவில் 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட கையடக்கப் பேனாவை அனுமதியின்றி இறக்குமதி செய்ய முடியாது. மற்றது செயலுக்குத் தண்டனை. விமானத்தை நோக்கி அடிப்பதை அமெரிக்கா 2012இல் தனிக் குற்றமாக்கியது, ஐந்து ஆண்டு வரை சிறை. பிரித்தானியா 2018இல் விமானத்தோடு கப்பல், ரயில், வீதி வாகனம் எல்லாவற்றையும் சேர்த்து அதே ஐந்து ஆண்டைச் சட்டமாக்கியது.

எனக்கு முதல் வழியே முக்கியமாகப் படுகிறது. விமானத்தை நோக்கி அடிப்பவரைப் பிடிக்கும் சட்டம், நிலைக்கண்ணாடி முன் நிற்கும் பிள்ளையைக் காப்பாற்றாது. இறக்குமதியில் மாதிரி எடுத்து மானியில் அளப்பது காப்பாற்றும். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் அயனாக்கும் கதிர்வீச்சுக்கானது, லேசர் அதற்குள் வராது. ஆபத்தான அல்லது பொய் லேபல் ஒட்டிய பொருள் விற்கப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பெட்டியையும் பற்றுச்சீட்டையும் வைத்திருந்தால் முறைப்பாட்டுக்குப் பலம்.

வீட்டில், வகுப்பில், கடையில்

1. பாடம் நடத்த 1 மில்லிவாற்று, வகுப்பு 2 போதும். வகுப்பு எண், அலைநீளம், உற்பத்தியாளர் பெயர் மூன்றும் இல்லாததை வாங்கவேண்டாம். வெள்ளைப்பலகையிலும் கண்ணாடி யன்னலிலும் படும்போது ஒளி மாணவர் பக்கம் திரும்பாதபடி நிற்பது ஆசிரியரின் பொறுப்பு.

2. 'கடதாசி எரிக்கும்', 'பலூன் வெடிக்கும்', 'பல கிலோமீற்றர் அடிக்கும்' என்று விளம்பரப்படுத்துவது எதுவும் விளையாட்டுச் சாமான் அல்ல. காலி முகத்திடலில் மாலை வேளையில் பிள்ளை அடம்பிடித்து அழுதாலும் அல்ல.

3. ஏற்கனவே வீட்டில் ஒன்று இருந்தால் பற்றரியைக் கழற்றுங்கள். திறப்புள்ள வகை என்றால் திறப்பை வேறிடத்தில் வையுங்கள்.

4. நட்சத்திர மூடி போட்டால் ஒளி பிரிந்து பலம் குறையும் என்று நம்பவேண்டாம். பல மூடிகளில் நடுப்புள்ளி பெரும்பங்கு வலுவோடு அப்படியே நிற்கும்.

5. சாதாரணக் குளிர்க்கண்ணாடி பாதுகாப்பல்ல. லேசருக்கான கண்ணாடி அலைநீளத்துக்கேற்பச் செய்யப்படுவது. பச்சையை மறிப்பது நீலத்தை மறிக்காது.

கண்ணில் பட்டுவிட்டால் கசக்கவேண்டாம், வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தை விடவேண்டாம். சில நிமிடத்தில் மறையும் மங்கல் பெரும்பாலும் கூச்சம்தான். சில மணித்தியாலம் கழித்தும் பொட்டு நின்றால், கோடு வளைந்து தெரிந்தால், அன்றைக்கே தேசிய கண் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள கண் வைத்தியரிடமோ போகவேண்டும். பேனாவையும் கொண்டுபோங்கள், நிறமும் லேபலும் வைத்தியருக்கு உதவும். பிள்ளையை ஏசாமல் கேட்டால்தான் எவ்வளவு நேரம் பார்த்தது, எந்தக் கண், எத்தனை தரம் என்ற உண்மை வரும்.

பிள்ளை ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். அதனால் பல நாள் யாருக்கும் தெரியாமல் போகும். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். வாசிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். புள்ளியையே பார்த்தபடி சுற்றியுள்ள கட்டங்கள் எல்லாம் தெரிகின்றனவா, எங்காவது கோடு நெளிகிறதா, எந்தக் கட்டமாவது காணாமல் போயிருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு மற்றக் கண்.